ஒரு நிமிடத்தில் காலியாகும் தண்ணீர் வண்டி

4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஒரு தீயணைப்பு வண்டி. அதை எவ்வளவு நேரத்தில் காலி செய்யலாம்?

பம்ப் எவ்வளவு பெரியது என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது குழாயின் நுனியை. வீரர் கையில் பிடிக்கும் குழாயின் நுனியில் 12 மில்லிமீட்டர் துளை இருந்தால், அந்த வண்டித் தண்ணீர் இருபது நிமிடம் வரும். அதே அழுத்தத்தில், வண்டியின் மேல் பீரங்கிபோல் நிற்கிறதே, அந்த மானிட்டரின் நுனியில் 50 மி.மீ. துளை இருந்தால்? ஒரு நிமிடம், பத்து விநாடி. அவ்வளவுதான், தொட்டி காலி.

பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பு படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குதான் இங்கே வேலை செய்கிறது. 12 எங்கே, 50 எங்கே? அகலம் நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு போவதால், தண்ணீர் பதினேழு மடங்கு வெளியே கொட்டுகிறது. இந்த நுனிக்குத்தான் நாசில் என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகத் துண்டு. தீயணைப்பில் எந்த நாசிலை மாட்டுவது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். எனக்கு என்னவோ வண்டியைவிட, பம்பைவிட அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஏன் என்று திருத்துறைப்பூண்டியில் நின்றுகொண்டு யோசித்துப் பார்ப்போம்.

ஏன் திருத்துறைப்பூண்டி? அது காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதும் ஜனவரி 28-இல் மூடுவதும் நெடுநாள் வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு பிரிந்து, கிளை கிளையாக ஓடி முள்ளியாற்றுக்கு வரும்போது கடல் பக்கத்தில் வந்துவிட்டிருக்கும். அணையை மூடிய பிறகு என்ன ஆகும்? ஆறு மெலிந்து மணலாகும். தை, மாசியில் சம்பா அறுவடை முடியும்; களத்திலும் வீட்டுக் கொல்லையிலும் வைக்கோல் போர் ஏறும்; வயலில் உளுந்தும் பயறும் காயும். சித்திரையில் குளங்கள் வற்றும். எரியக்கூடிய பொருள் அதிகமாக இருக்கும் மாதங்களும், அணைக்கத் தண்ணீர் குறைவாக இருக்கும் மாதங்களும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு நிமிடத்தில் தொட்டியைக் காலி செய்யும் நாசிலை எப்போது மாட்டுவது, எப்போது மாட்டக்கூடாது?

முதலில் தண்ணீர் எப்படி வேகம் பிடிக்கிறது என்று பார்க்கலாம். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பாருங்கள். தண்ணீர் தூரமாகப் பாயும். அழுத்தம் கூடிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கிருந்து கூடியது? மேலே இருக்கும் தொட்டி உயரவில்லை, மோட்டாரும் மாறவில்லை. நடந்தது வேறு. குழாய்க்குள் ஓடிவரும் தண்ணீர் சுவரோடு உராய்ந்து, வரும் வழியிலேயே தன் அழுத்தத்தைச் செலவழிக்கிறது. ஓடும் தண்ணீர் இரண்டு மடங்கானால் இந்தச் செலவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். விரலை வைத்ததும் வெளியேறும் தண்ணீர் குறைந்தது. வழிச்செலவும் குறைந்தது. மிச்சமான அழுத்தம் முழுசாக நுனிக்கு வந்து, அங்கே வேகமாக மாறிவிட்டது.

நாசில் செய்வதும் இதையேதான். நுனியில் 5.5 பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் விநாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் வெளியேறும். மணிக்கு 120 கிலோமீட்டர்! 5.5 பார் என்றால் 55 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். அதனால்தான் தீயணைப்புக்காரர்கள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதில்லை. நேராகப் பாயும் பெரிய தாரைக்கு ஏறத்தாழ இந்த 5.5 பார்தான் வழக்கம்.

ஒரு பழைய கதை இங்கே பொருந்தும். 1672 வாக்கில் ஆம்ஸ்டர்டாம் நகரில் யான் வான் டெர் ஹைடன் என்று ஓர் ஓவியர் இருந்தார். கட்டடங்களைச் செங்கல் செங்கலாக வரைவதில் பேர்பெற்றவர். அவரும் அவருடைய சகோதரரும் சேர்ந்துதான் தோலால் தைத்த நீளக் குழாயைத் தீயணைப்புக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் பீய்ச்சும் குழல் பம்பின் மேலேயே இருக்கும்; பம்பைத் தெருவில் நிறுத்தி, அங்கிருந்து வீட்டின் மேல் அடிப்பார்கள். சுவர்தான் நனையும். தோல்குழாய் வந்த பிறகு மனிதன் நாசிலைக் கையில் பிடித்துக்கொண்டு தீ இருக்கும் அறைக்கே போக முடிந்தது. இன்று வண்டிமேல் இருக்கும் மானிட்டர் ஒருவகையில் அந்தப் பழைய ஏற்பாட்டின் பேரப்பிள்ளை. உள்ளே போக முடியாத தீ என்றால் மறுபடியும் தூர நின்றுதான் அடிக்க வேண்டும்.

மானிட்டரை ஏன் கையில் பிடிக்கக்கூடாது? நியூட்டனின் மூன்றாம் விதி இருக்கிறதே. தண்ணீர் முன்னே பாய்ந்தால் நாசில் பின்னே தள்ளும். 12 மி.மீ. துளைக்கு இந்தத் தள்ளல் 12, 13 கிலோ எடைதான், ஒருவர் சமாளிப்பார். 25 மி.மீ. என்றால் 55 கிலோ. இரண்டு மூன்று பேர் பிடிக்க வேண்டும். 50 மி.மீ. துளை 220 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். நெல் கொள்முதல் நிலையத்துக் கணக்கில் சொன்னால் ஐந்தரைச் சிப்பம். எந்தப் பயில்வானும் நிற்க முடியாது. ஆகவே அதை வண்டியின் சட்டத்தோடோ, தரையில் ஊன்றிய கால்களோடோ திருகி வைத்து, கைப்பிடியையோ சக்கரத்தையோ சுழற்றித் திருப்புகிறார்கள். சில வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டே திருப்பலாம்.

இப்போது நாசில் வகைகளுக்கு வருவோம். எத்தனையோ மாதிரிகள் இருந்தாலும் குடும்பம் இரண்டுதான்.

ஒன்று, உள்ளே வழவழப்பாகக் கூம்பிப் போகும் வெறும் துளை. இதிலிருந்து வருவது ஜெட், நேர்த்தாரை. பார்க்க ரொம்பச் சாதாரணம், ஆனால் செய்வது கடினம். 1888-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் ஜான் ஃப்ரீமன் என்ற பொறியாளர் நாசில் நாசிலாக வைத்துத் தண்ணீர் பாய்ச்சிச் சோதித்தார். நல்ல தாரை எது என்பதற்கு அவர் வகுத்த அளவைக் கேளுங்கள்: இலக்குத் தூரத்தில், தாரையின் பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீர் 38 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் போய்ச் சேர வேண்டும், முக்கால் பங்கு 25 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். அதாவது வழியிலேயே சிதறி மழையாகிவிடக்கூடாது. சிதறலுக்கு மூல காரணம் குழாய்க்குள் தண்ணீர் போடும் சுழல். அதனால் நாசிலுக்குச் சற்று முன்னால் மெல்லிய தகட்டுத் தடுப்புகளையோ சிறு குழல்களையோ வைத்துச் சுழலை அடக்குகிறார்கள். நுனி விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் தாரை பிசிறடிக்கும். கீழே போட்ட நாசிலை எடுத்ததும் வீரர்கள் விளிம்பைத் தடவிப் பார்ப்பது இதற்குத்தான்.

இன்னொன்று, வாயின் நடுவே ஒரு தட்டு வைத்து, தண்ணீர் அதன் சுற்றிலும் வளையமாக வெளிவரும் வகை. உறையைத் திருகினால் நேராகவும் வரும், குடைபோல விரிந்தும் வரும். விரிந்து வருவது ஸ்பிரே. சிலவற்றில் தட்டுக்குப் பின்னால் ஒரு சுருள்வில் உண்டு. தண்ணீர் குறைந்தால் வில் தட்டை உள்ளிழுத்து வழியைச் சுருக்கும், கூடினால் விடும். அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். புத்திசாலி ஏற்பாடுதான், ஆனால் ஒரு குறை. தண்ணீர் பாதியானாலும் தாரை அழகாகவே தெரியும். தண்ணீர் போதுமா போதாதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெறும் துளையில் அந்த ஏமாற்று இல்லை, தண்ணீர் குறைந்தால் தாரை தொங்கிவிடும்.

ஜெட்டா, ஸ்பிரேயா? விடை சொல்ல, தண்ணீர் தீயை எப்படி அணைக்கிறது என்று தெரிய வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதையே முழுக்க நீராவியாக்க இன்னும் 2,260 கிலோஜூல் வேண்டும். பார்த்தீர்களா? தண்ணீர் தீயிடமிருந்து பிடுங்கும் வெப்பத்தில் எட்டில் ஏழு பங்கு, அது ஆவியாகும் தருணத்தில்தான் பிடுங்கப்படுகிறது. ஆவியாகாமல் வாசலில் ஓடி வாய்க்காலில் கலக்கும் தண்ணீர் தன் வேலையில் பெரும்பகுதியைச் செய்யவே இல்லை.

சீக்கிரம் ஆவியாக வேண்டுமானால் மேற்பரப்பு அதிகம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே உருண்டையாக்கினால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதையே ஒரு மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் ஏறத்தாழ 19 லட்சம் துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர்! நூறு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கை நம்பித்தான் லாயிட் லேமன் என்ற அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரி, இரண்டாம் உலகப்போரின்போது கப்பல் தீயில் ஸ்பிரேயைச் சோதித்துவிட்டு, 1950-இல் சின்னத் துளிகளின் பெருமையை நாடெங்கும் பேசினார். மூடிய அறைக்குள் சிறிது ஸ்பிரே போதும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாகி அறையை நிறைத்துத் தீயை மூச்சுத் திணற வைக்கும். உள்ளே ஆள் இருந்தால் அவரையும் வேகவைத்துவிடும் என்பதால், எங்கும் எப்போதும் இதைச் செய்ய முடியாது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஸ்பிரேயே போதுமே? இல்லை. ஒரு மி.மீ. மழைத்துளி காற்றில் விழும் வேகம் விநாடிக்கு 4 மீட்டர்தான். பெரிய தீயின் மேல் எழும் சூடான காற்று விநாடிக்கு 10 மீட்டருக்கும் மேல் ஏறும். துளி இறங்கவே இறங்காது, வந்த வழியே மேலே தூக்கி எறியப்படும். போதாததற்கு மாலையில் வேதாரண்யம் பக்கமிருந்து கடற்காற்றும் வீசினால் கேட்க வேண்டாம். பெரிய வெட்டவெளித் தீக்கு ஜெட் ஒன்றுதான் உடைத்துக்கொண்டு உள்ளே போகும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தீயைப் பார்ப்போம். ஒரு வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. வண்டி வருகிறது. மானிட்டரால் ஓங்கி அடித்தால் என்ன ஆகும்? எரியும் வைக்கோல் பறக்கும். பக்கத்துக் கூரையில் விழும். ஒரு தீ நாலாகும். அதுமட்டுமல்ல, போர் வைக்கத் தெரிந்தவர்கள் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும்படிதான் போர் வைப்பார்கள். கீற்றுக் கூரையும் அப்படித்தான், மேலிருந்து விழும் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கென்றே வேய்ந்தது. மேலிருந்து ஜெட் அடித்தால் அந்தக் கூரை தன் கடமையைச் செய்யும்! தீயோ கூரையின் அடிப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கூரை வீட்டுத் தீக்கு உள்பக்கமாக, கீழிருந்து மேல் நோக்கிப் பாயும் சிறிய தாரை வேண்டும். வைக்கோல் போருக்கு மென்மையான ஸ்பிரேயும், அதைவிட முக்கியமாகக் கொக்கியும் கவைக்கோலும் வேண்டும். பிரித்துப்போட்டு, பிரித்துப்போட்டு நனைக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் இருபது நிமிடம் வந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

இறுக்கி அடைத்த நார்ப்பொருளுக்குள் தீ புகுந்தால் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு நாட்டிலேயே மிகப்பெரிய சாட்சி ஒன்று உண்டு. 1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் நின்றது. அதில் பஞ்சுப் பொதிகள் இருந்தன, சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. பஞ்சில் தீப்பற்றியது. பல குழாய்களை வைத்து நூற்றுக்கணக்கான டன் தண்ணீரைக் கப்பலின் வயிற்றுக்குள் இறைத்தார்கள். தண்ணீருக்குக் குறைவில்லை, பக்கத்திலேயே கடல். ஆனால் தண்ணீர் பொதிகளின் நடுவிலிருந்த கங்குக்குப் போய்ச் சேரவில்லை. மாலை 4 மணி தாண்டிக் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. உங்கள் பள்ளிக்கும் அந்த வாரத்தில் செயல்விளக்கம் காட்ட வீரர்கள் வந்திருக்கலாம்.

கோடையில் டெல்டாச் சாலைகளில் இன்னொரு காட்சி. வைக்கோல் கட்டுகளை மலைபோல ஏற்றிக்கொண்டு லாரி போகும். தாழத் தொங்கும் மின்கம்பியில் உரசினால் பொறி விழும். ஓடும் காற்றில் குப்பென்று பற்றும். இங்கே நாசில் தேர்வில் மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. குளத்துத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். ஜெட் என்பது கம்பியிலிருந்து வீரர் கைவரை அறுபடாத ஒரு தண்ணீர்க் கயிறு. ஸ்பிரேயில் துளிக்கும் துளிக்கும் நடுவே காற்று இருக்கிறது, பாதை அறுபட்டிருக்கிறது. ஆபத்து குறைவு, இல்லாமல் போகவில்லை. முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்துவார்கள், பிறகுதான் தண்ணீர்.

சரி, மானிட்டருக்கு வேலையே இல்லையா? உண்டு, இடம் வேறு. 2017 மே 31 அதிகாலை, சென்னை தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடையில் தீ. ஏழு மாடி. உள்ளே துணி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, புகை வெளியேற வழி இல்லை. வீரர்கள் உள்ளே போக முடியவில்லை. சுவரை உடைத்து வழி செய்தும், ஸ்கைலிஃப்ட் வண்டியில் மேலே ஏறியும் வெளியிலிருந்து தண்ணீர் அடித்தார்கள். லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது. மறுநாள் அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பிறகு மொத்தக் கட்டடத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று.

மாடித் தீக்கு ஏன் மேலே ஏற வேண்டும்? விநாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீர், காற்று மட்டும் இல்லையென்றால், 45 டிகிரி கோணத்தில் 110 மீட்டர் தூரம் போகும் என்று கணக்கு சொல்லும். காற்று அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதிக தூரம் கிடைக்கும் கோணமும் 30 டிகிரிப் பக்கம் இறங்கிவிடும். அதோடு ஒரு நுணுக்கம்: ஜன்னல் வழியாக ஜெட் அடிப்பவர்கள் தீயைப் பார்த்து அடிப்பதில்லை, அறையின் உட்கூரையைப் பார்த்து அடிப்பார்கள். ஜெட்டாகப் போன தண்ணீர் அங்கே மோதித் துளித்துளியாக உடைந்து அறை முழுக்கப் பொழியும். தூரத்தைக் கடக்க ஜெட், வேலை செய்ய ஸ்பிரே. இரண்டு குடும்பத்தின் குணமும் ஒரே தாரையில். ஆனால் தரையில் நின்று ஆறாவது மாடிக்கு அடித்தால், தாரை செங்குத்தாக ஏறி ஜன்னலோரக் கூரையைத்தான் தொடும், உள்ளே போகாது. நாசில் ஜன்னல் உயரத்துக்குப் போனால்தான் அறையின் நடுவுக்கு எட்டும்.

மானிட்டரால் ஒரு கெடுதலும் உண்டு. நிமிடத்துக்கு 4,000 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 4 டன் எடை. துணியும் பொதியும் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். தீயில் ஏற்கெனவே தளர்ந்த தளம் எவ்வளவு தாங்கும்? ஆகவே மானிட்டரைத் திறந்துவைத்துவிட்டு மறந்துவிட முடியாது. வெளியே ஓடிவரும் தண்ணீர் எவ்வளவு, உள்ளே தங்குவது எவ்வளவு என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் மானிட்டருக்கு உரிய இடம் எண்ணெய் இருக்கும் இடம்தான். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணத்தைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய்த் தீயில் வெறும் ஜெட் அடித்தால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் அதைக் கலக்கி வெளியே எறியும். எண்ணெய் மிதந்துகொண்டே எரியும். அங்கே தேவை நுரை. நுரைக்கான கரைசலைத் தண்ணீரில் கலந்து, காற்றை உள்ளிழுக்கும் நாசில் வழியாக விட்டால் நுரை எண்ணெயின் மேல் படர்ந்து மூடிவிடும். (அடுப்பில் வாணலி எண்ணெய் பற்றினாலும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அம்மா சொல்வது இதனால்தான். அடுப்பை நிறுத்தி, வாணலியை மூடியால் மூட வேண்டும். அதையும் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.)

எரிவாயுக் கிணறு என்றால் இன்னும் வேறு. 1995 ஜனவரி 8-ஆம் தேதி ஆந்திராவில், கோதாவரி டெல்டாவில், பாசர்லபூடி என்ற இடத்தில் கிணறு வெடித்துப் பற்றியது. நம்மைப் போலவே நெல்லும் தென்னையும் உள்ள பூமி. அடங்க 65 நாள் ஆயிற்று. அத்தகைய தீயில் தண்ணீரால் சுவாலையை அணைப்பது நோக்கமே இல்லை. அணைத்தால் எரியாத வாயு ஊர்முழுக்கப் பரவி மறுபடி வெடிக்கும். பல திசையிலிருந்து மானிட்டர்களை வைத்துத் தண்ணீர்க் குடை பிடிப்பார்கள். வெப்பம் தணிந்த அந்தக் குடைக்குள் ஆட்கள் கிணற்றுவாய்வரை போய், உருகிய இரும்பை அகற்றி, மூடி பொருத்துவார்கள். இங்கே நாள் முழுக்க, வாரக்கணக்கில், இடைவிடாமல் தண்ணீர் வேண்டும்.

இடைவிடாத தண்ணீர். கடைசியில் எல்லாம் இதில்தான் வந்து நிற்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் பம்பும் குழாயும் நிமிடத்துக்கு 2,000 லிட்டர்தான் கொடுக்கும். ஆசைப்பட்டு 50 மி.மீ. நாசிலை மாட்டுகிறீர்கள். வேகம் விநாடிக்கு 33 மீட்டரிலிருந்து 17 ஆகப் பாதியாகும். வேகம் பாதியானால் பாயும் தூரம், காற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், கால்வாசி! தாரை வண்டிக்கு முன்னாலேயே தொப்பென்று விழும். அதைக் கழற்றி 35 மி.மீ. மாட்டுங்கள். அதே 2,000 லிட்டர், பழைய வேகம் முழுசாகத் திரும்பி வந்துவிடும். இதற்காகவே பல மானிட்டர்களில் பெரிய நாசிலின் மேல் சின்னது, அதன் மேல் அதைவிடச் சின்னது என்று அடுக்கித் திருகியிருப்பார்கள். தண்ணீர் வரவைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம்.

வரவு எங்கிருந்து? குளத்திலிருந்து. உறிஞ்சுகுழாயின் ஒரு முனையைக் குளத்தில் இறக்கி, பம்ப் உள்ளேயிருக்கும் காற்றை வெளியேற்றும். குளத்தின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி மேலேற்றும். கடல்மட்டத்தில் வளிமண்டலத்தால் சுமார் 10 மீட்டர்தான் தள்ள முடியும். நடைமுறையில் 7 மீட்டர் ஏறினால் அதிகம். கோடையில் குளம் வற்றி, கரையிலிருந்து தண்ணீர் எட்டாத ஆழத்தில், சேறு நடுவே கிடந்தால் எந்தப் பம்பும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் வேரும் இலையும் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைச் சுற்றிக் கூடை கட்டி இறக்குவது அதற்குத்தான். வண்டி குளத்தங்கரைவரை போகப் பாதையும் வேண்டும்.

ஆக, என் கட்சி இதுதான். கடைமடைக் கிராமத்துத் தீக்கு வண்டிமேல் இருக்கும் பெரிய பீரங்கியைவிட, திருகினால் ஸ்பிரேயாகும் சின்ன நாசில் பத்து மடங்கு பயன்படும். பீரங்கி எண்ணெய்த் தொட்டிக்கும் துறைமுகத்துக்கும் ஜவுளி மாளிகைக்கும் வைத்துக்கொள்ளட்டும். அங்கேயும் பின்னால் ஆறோ குளமோ கடலோ இருந்தால்தான் அதற்கு மரியாதை.

நாசிலைத் தேர்ந்தெடுப்பது வீரர்கள் வேலை. ஆனால் அதற்கு உதவி செய்ய உங்களால் முடியும். தீயைப் பார்த்தால் முதலில் தூரமாக விலகி நில்லுங்கள். பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். 101 அல்லது 112-ஐ அழைக்கும்போது, ஊர், தெரு, பக்கத்து அடையாளம் சொன்ன பிறகு இன்னும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எரிவது கூரையா, வைக்கோலா, எண்ணெயா; மேலே மின்கம்பி போகிறதா; பக்கத்தில் எந்தக் குளத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறது, அதன் கரைவரை வண்டி வருமா.